வலி இல்லாத இருபத்துநாலு மணித்தியாலம்

கனகசபாபதி அண்ணை தன் மனைவி செல்வநாயகியை அடிக்கும் சத்தம் எங்கள் குசினிக்குள் நன்றாகக் கேட்கும். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு மதில்தான். கடைசிப் பதினொரு வருடமாக அவர் அடித்தது ஊன்றுதடியால். அதற்கு முதல் தும்புத்தடி, அதற்கும் முதல் தண்ணீர் இறைக்கிற குழாயில் வெட்டிய ஒரு துண்டு. குழாய்க்குச் சத்தம் கூட. தடிக்குக் குறைவு. இதையெல்லாம் ஒருவன் தரம் பிரித்து வைத்திருக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் யோசிப்பீர்கள். யோசியுங்கள். நான் தில்லைநாதன், ஓய்வுபெற்ற தபாலதிபர். முப்பத்துமூன்று வருடம் அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து தேத்தண்ணி குடித்தவன்.

இது என் கதை அல்ல, செல்வநாயகியின் கதை. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கனகசபாபதியை அவர் என்று எழுதுவது பழக்கத்தால். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊர் சுன்னாகம் சந்தையிலிருந்து இரண்டு கட்டை தூரம். செம்மண், வெங்காயம், காலையில் ஒவ்வொரு தோட்டமாக இறைப்பு மிசின்கள் உறுமத் தொடங்கும். செல்வநாயகி இந்த ஊரிலேயே பிறந்தவள், தகப்பனுக்கு ஒரே பிள்ளை. வீடும் வளவும் தோட்டமும் அவள் பேரில் எழுதிக் கொடுத்த சீதனம். கனகசபாபதி அச்சுவேலியிலிருந்து ஒரு பெட்டியுடன் வந்து குடியேறிய மாப்பிள்ளை. வெங்காயம் பிடி கட்டுவதில் அவளை வெல்ல ஆள் இல்லை. ஆண்கள் ஒரு பிடி கட்டி முடிக்குமுன் அவள் இரண்டு கட்டி ஒரு பக்கம் எறிந்திருப்பாள்.

கலியாணம் 1986 இல். மூன்றாம் மாதம் முதல் அடி. கோயில் ஒழுங்கையில் அவர் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தார், அவள் சிரித்துவிட்டாள். இருபத்துமூன்று வயதுப் பெட்டைக்குச் சிரிப்பு வராதா? வீட்டுக்கு வந்து அவளுடைய இடது கைச் சின்னவிரலைப் பிடித்துப் பின்னுக்கு மடித்து முறித்தார். அந்த விரல் இன்றைக்கும் வெளிப்பக்கம் வளைந்துதான் நிற்கிறது. அந்த விரலோடுதான் அவள் அத்தனை வெங்காயமும் கட்டினாள்.

அப்போது ஊர் சொன்னது, இளந்தாரி ரத்தம், பிள்ளை பிறக்க அடங்கும் என்று. மகள் உதயகலா பிறந்தாள். அடங்கவில்லை. தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படுத்துக் கிடந்தோம். விறகு ஈரம், அடுப்பு மூளவில்லை. நாற்பது குடும்பம் பார்த்துக்கொண்டிருக்க, அலுமினியச் சட்டியால் அவள் முகத்தில் அடித்தார். கன்னம் பிளந்தது. நாங்கள் என்ன சொன்னோம்? பிரச்சினைக் காலம், ஆம்பிளைக்கு மனவருத்தம் என்று சொன்னோம். அங்கே கிடந்த எல்லா ஆம்பிளைகளுக்கும் மனவருத்தம்தான். சட்டி எடுத்தது அவர் ஒருவர். ஊர் திரும்பினோம், பிறகு சண்டையும் முடிந்தது, அதற்குப் பிறகு சாராயம்தான் காரணம் என்று பேசிக்கொண்டோம்.

2013 இல் அவருக்கு இடுப்பு மூட்டில் நோ வந்தது. எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஏனென்றால் இது டொக்டரே எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்ன காரணம். வலது தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது உள்ளே இருந்தபடி செத்துப்போய்விட்டது, சாராயமும் ஒரு காரணம் என்றார். நடந்தால் குத்து, படுத்தால் உளைவு, காலை அசைத்தால் அலறுவார். ஊன்றுதடி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தடி நடக்கப் பயன்பட்டது குறைவு.

சாரம் மாற்றிவிடும்போது கை கொஞ்சம் தவறுதலாகப் பட்டால் அடி. தண்ணி கொடுக்கச் சுணங்கினால் அடி. அடித்துவிட்டு அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று முனகுவார். அதைக் கேட்க எங்களுக்கே பாவமாக இருக்கும். அடி வாங்கியவள் எழுந்து அவருக்கு எண்ணெய் தேய்ப்பாள். ஒருநாள் மதிலடியில் நின்று நான் அவளுக்குச் சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன்:

"தங்கச்சி, மனிசனுக்கு நோ. அதுதான் உப்பிடிச் செய்யிறார். நோ நிண்டால் கையும் நிக்கும்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மன் கோயிலில் நேர்த்தியும் வைத்துவிட்டாள், அவருக்கு நோ நின்றால் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்று.

2019 இல் அவளுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. நான்தான் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் எப்படி நடந்தது என்று கேட்டபோது அவள் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன்: "கிணத்தடியிலை வழுக்கினது." ஒருவரும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. கௌரவமான குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

மூட்டு மாற்றுகிற ஒப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு நான் நாலு கடிதம் எழுதினேன். செல்வநாயகி ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். அந்த மனிதரின் இடுப்புக்கு அவரைவிட அவள்தான் கூட அலைந்தாள். அவளுக்கு அது இடுப்பு அல்ல, தன் மிச்ச ஆயுள்.

போன வருடம் ஆனி மாதம் திகதி கிடைத்தது. முதல் நாள் மயக்க மருந்து டொக்டர் வந்து கட்டிலருகே நின்று விளங்கப்படுத்தினா. இளம் பெண், நிதானமான கதை.

"ஐயாவை முழுசா மயக்கமாட்டம். முள்ளந்தண்டிலை ஒரு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழை விறைச்சிடும். அந்த ஊசிக்குள்ளை துளியளவு மோர்பினும் சேர்த்து விடுவம். விறைப்பு நாலு மணித்தியாலத்திலை போயிடும், ஆனால் அந்த மோர்பின் முள்ளந்தண்டுக்குள்ளையே நிண்டு வேலை செய்யும். கிட்டத்தட்ட ஒரு நாள் நோ தெரியாது."

"ஒரு துளியும் தெரியாதோ?" என்று செல்வநாயகி கேட்டாள்.

"அனேகமாத் தெரியாது அம்மா. முகம், மூக்கு எல்லாம் கடிக்கும், சத்தி வரலாம், சலம் போகக் குழாய் போடுவம். மூச்சிலைதான் கவனம். மருந்து மூச்சை மெதுவாக்கும், அதாலை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூச்சை எண்ணி எழுதுவினம். வீட்டிலையிருந்து நித்திரைக் குளிசை ஒண்டும் குடுத்துப்போடாதேங்கோ. ரெண்டும் சேர்ந்தால் மூச்சே நிண்டுபோகும்."

செல்வநாயகி தன் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அவருடைய இரவுக் குளிசைகள் அதற்குள்தான் இருந்தன. "நான் குடுக்கமாட்டன் டொக்டர்," என்றாள்.

வெளியே வந்ததும் நடைபாதை வாங்கில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் விரல்களை மடித்து என்னவோ எண்ணினாள். பிறகு சொன்னாள்:

"தில்லையண்ணை, அப்ப நாளைக்கு அவர் ஆரெண்டு பாக்கலாம்."

அவளுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் ஒரு மனிதனோடு படுத்து எழும்பியவள், அவன் யார் என்று பார்க்க ஒரு ஊசிக்காகக் காத்திருந்தாள். என் வாயில் வந்ததோ "ஓம் தங்கச்சி, எல்லாம் நல்லா வரும்" என்ற வழக்கமான சொல்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். பின்னேரம் நாங்கள் போனபோது விறைப்பு விட்டிருந்தது, கால்விரலை அசைத்துக் காட்டினார். நெற்றிச் சுருக்கம் இல்லை, பல்லைக் கடிப்பது இல்லை. மூக்கை மட்டும் சொறிந்துகொண்டே இருந்தார், டொக்டர் சொன்னபடி. கோபிகா என்ற நேர்ஸ் பிள்ளை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும், நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணும், பிறகு கேட்கும்:

"ஐயா, நோ எவ்வளவு? ஒண்டும் இல்லையெண்டால் பூச்சியம், தாங்கவே ஏலாதெண்டால் பத்து."

"பூச்சியம், பிள்ளை."

பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுதும். செல்வநாயகி ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பாள். நாலு மணி பூச்சியம். ஐந்து மணி பூச்சியம்.

ஒருமுறை சத்தி எடுத்தார். அவள் கிண்ணத்தைப் பிடித்தாள், தண்ணி தொட்டு வாயைத் துடைத்தாள். அப்போது அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "நாயகி, நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டார்.

அவள் கிண்ணத்தோடு வெளியே ஓடினாள். நான் போய்ப் பார்த்தேன், குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது. நான் சொன்னது சரி, வலிதான் அத்தனை வருடமும் அடித்தது என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. வெட்கம் கெட்ட பெருமை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு பெரிய பெட்டி கற்பூரம் வாங்கினாள். மடியில் வைத்து ஊர்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சாப்பாடு கொடுக்க உள்ளே விட்டார்கள். செல்வநாயகி கஞ்சி கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கையில் சுடுதண்ணிப் போத்தல். ஊசி போட்டு இருபத்துநாலு மணித்தியாலம் ஆக இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. கோபிகா அப்போதுதான் கேட்டு எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தது. பூச்சியம்.

அவர் தலையணையில் சாய்ந்து நல்ல முகத்தோடு இருந்தார். "சுருட்டுக் கொண்டந்தனியோ?" என்று கேட்டார்.

"இஞ்சை பத்தக்கூடாதாம். வீட்டை போனப்பிறகு பத்துவியள்," என்றாள் அவள், கஞ்சியை ஆற்றியபடி.

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். கிட்ட வா என்று விரலால் காட்டினார். அவள் ஏதோ இரகசியம் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் குனிந்தாள். கொண்டையைப் பிடித்தார். அவளுடைய முகத்தைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அடித்தார். தூக்கினார். இன்னொருமுறை அடித்தார்.

பதினொரு வருடமாக அவர் அடிக்கும்போது முனகலும் கூடவே வரும். அன்று இல்லை. வலி குறுக்கே நிற்காததால் கை அத்தனை வேகமாகப் போனது. நான் சுடுதண்ணிப் போத்தலைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு அடி தூரம். அந்தக் கையைப் பிடிக்க எனக்கு நேரம் இருந்தது. நான் பிடிக்கவில்லை.

கோபிகா ஓடிவந்து அவர் கையை விலக்கியது. செல்வநாயகி நிலத்தில் இருந்தாள். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது, வாயிலும் இரத்தம். கஞ்சி நிலமெல்லாம். பிள்ளைக்கும் எங்களைப்போலத்தான் முதலில் புத்தி போனது. அவர் பக்கம் திரும்பி, "ஐயா, நோ கூடிட்டுதோ? மருந்து விட்டிட்டுதோ?" என்று கேட்டது.

அவர் மூக்கைச் சொறிந்தார். "இல்லைப் பிள்ளை. ஒரு நோவும் இல்லை. நல்ல சுகமா இருக்கு."

"எவ்வளவு?"

"பூச்சியம். எழுது."

செல்வநாயகி நிலத்தில் இருந்தபடி அதைக் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் அழுகை இல்லை, ஆச்சரியமும் இல்லை. சந்தையில் தராசு முள்ளைப் பார்த்து நிறை தெரிந்துகொண்டவளின் முகம் அது. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். நிலத்தில் கிடந்த தன் பல்லைக் கண்டு எடுத்து அந்தத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

பிறகு கைப்பையைத் திறந்து அவருடைய நித்திரைக் குளிசை மட்டையை எடுத்தாள். அதைக் கையில் வைத்து, நான் எண்ணக்கூடிய அளவு நேரம், பார்த்தாள். டொக்டர் சொன்னது எனக்கும் நினைவுக்கு வந்தது. அவள் அந்த மட்டையை நேர்ஸின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"இதை நீ வைச்சிரு பிள்ளை. என்னட்டை இருக்கக்கூடாது."

கோபிகா அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனது. கட்டிலில் அவர் சுருட்டைப் பற்றி அடுத்த நோயாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

புருவத்துக்கு ஏழு தையல், உதட்டுக்கு மூன்று. தைக்கும் இடத்தில் கோபிகா அவள் கையைப் பிடித்தபடி கேட்டது, "அம்மா, உங்களுக்கு நோ எவ்வளவு?"

"எனக்கோ?"

"ஓம். பூச்சியத்திலையிருந்து பத்துக்குள்ளை."

"எனக்கு அதை எண்ணத் தெரியாது பிள்ளை. பழக்கமில்லை," என்றாள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது.

அதற்குள் புதுக் காரணம் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. நெல்லியடியில் படிப்பிக்கும் மகள் உதயகலா தொலைபேசியில் சொன்னாள், அந்த மோர்பின் அப்பாவுக்குத் தலையைக் குழப்பியிருக்கும் என்று. என் மனைவி பத்மாசினியும் அதையே சொன்னாள். முதல்நாள்வரை வலி அடித்தது, இப்போது வலி போக்கும் மருந்து அடிக்கிறதாம். நாங்கள் எல்லோரும் எவ்வளவு கெட்டிக்காரர். செல்வநாயகி யாரோடும் வாதாடவில்லை. தையல் முகத்தோடு போய் மயக்க மருந்து டொக்டரையே தேடிப் பிடித்தாள்.

"டொக்டர், அந்த மருந்து ஆளை அடிக்கச் சொல்லுமோ?"

டொக்டர் அவள் முகத்தைப் பார்த்தா. கையிலிருந்த தாளையும் பார்த்தா. ராத்திரி முழுக்க ஆள் தெளிவாகக் கதைத்திருக்கிறார், குழப்பம் ஒன்றும் எழுதப்படவில்லை. "இல்லை அம்மா," என்றா. "அந்தத் துளி நோவைத்தான் நிப்பாட்டும். மிச்சம் எல்லாம் அவர்தான்."

ஆஸ்பத்திரிப் பொலிஸ் அறையில் ஒரு பொலிஸ்காரர் கொப்பியைத் திறந்து, "எப்பிடி நடந்தது?" என்று கேட்டார். என் வாய் தானாகவே திறந்தது. சத்தியமாக என்ன சொல்லப்போனேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் "வழுக்கி" என்ற சொல் நாக்கில் வந்து நின்றது என்பது மட்டும் தெரியும். செல்வநாயகி கையை நீட்டி என்னை மறித்தாள்.

"அண்ணை, நீங்கள் கதையாதேங்கோ." பிறகு பொலிஸ்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "என்ரை மனிசன் அடிச்சவர். அவருக்கு நோ இல்லை. அவரே சொன்னவர், அங்கை தாளிலை எழுதியிருக்கு. போய்ப் பாருங்கோ."

"ஐயா, நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்," என்றேன்.

"முதலும் இப்பிடி நடந்திருக்கோ?"

"எனக்குத் தெரிய முப்பத்துமூண்டு வருஷமா நடக்குது."

பொலிஸ்காரர் பேனையை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். கையெழுத்து வைத்தேன்.

ஓட்டோவில் வரும்போது உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகக் கதைத்தாள். "நான் அம்மாளிட்டைப் பிழையாக் கேட்டுப்போட்டன், அண்ணை. நோ நிக்கவேணுமெண்டு கேட்டன். கை நிக்கவேணுமெண்டெல்லோ கேட்டிருக்கவேணும். அவ கேட்டதைக் குடுத்திட்டா. இனி நான் சட்டியை எடுக்கத்தான் வேணும்."

வெள்ளிக்கிழமை எடுத்தாள். மண்சட்டி நிறையக் கற்பூரம் எரிய, ஏழு தையலும் கறுத்த கண்ணுமாக அம்மன் வீதியைச் சுற்றி வந்தாள். முகத்தை மூடவில்லை. சட்டியின் நெருப்பு வெளிச்சத்தில் ஊர் முழுக்கப் பார்த்தது. முன்பெல்லாம் கிணற்றடியில் வழுக்கினாயோ என்று கேட்கும் பெண்கள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் அவளோடு கூடவே நடந்தார்கள். அதில் ஒருத்தி பத்மாசினி. அவள் வீட்டுக்கு வந்து என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் அவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று இடைக்காலக் கட்டளை கிடைத்தது. வீடு அவள் சீதனம், ஒரு கேள்வியும் எழவில்லை. செவ்வாய் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வெளியே விட்டார்கள். அவருடைய தம்பி குகதாசன் அவரை அச்சுவேலிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வாடகை வானில் ஏறியதும் அவர் சாரதியை மிரட்டி நேரே எங்கள் ஒழுங்கைக்கு விடச் செய்துவிட்டார்.

கேற் உள்ளே பூட்டியிருந்தது. நடக்கக் கொடுத்த நாலுகால் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பழைய ஊன்றுதடியை எடுத்து கேற்றில் அடிக்கத் தொடங்கினார். ஒழுங்கை முழுக்க அதிர்ந்தது. அவளையும் அவள் தகப்பனையும் செத்துப்போன தாயையும் இழுத்துக் கத்திய சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. குகதாசன் வானுக்குள் ஒளித்துக்கொண்டான். தகரம் ஒரு இடத்தில் நெளிந்தது, பூட்டுப் போட்டிருந்த கொளுக்கி ஆடியது.

நான் போனேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள், கால் தானாகப் போயிற்று. ஒருவேளை அந்தப் பொலிஸ்காரரின் பார்வைதான் பிடித்துத் தள்ளியிருக்கும். கேற்றுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"சபாபதி அண்ணை, காணும். வானிலை ஏறுங்கோ."

"உனக்கென்னடா எங்கடை வீட்டு அலுவல்? விலத்து."

"விலத்தமாட்டன்."

தடி என் இடது தோளில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் குசினிவரை போனதாம், பத்மாசினி பிறகு சொன்னாள். கண் இருண்டது. அப்போதுதான் தெரிந்தது, முப்பத்துமூன்று வருடமாக நான் சத்தத்தால் தரம் பிரித்து வைத்திருந்த பொருள் இதுதான் என்று. இரண்டாவது அடியும் அதே இடத்தில் விழுந்தது. நான் கேற்றில் சாய்ந்து நின்றேன், விழவில்லை.

மூன்றாவதுக்குத் தடியை ஓங்கியபோது அவருடைய இடுப்பு திரும்பியது. ஒரு வாரத் தையல், புது மூட்டு, முள்ளந்தண்டில் அந்தத் துளி எப்போதோ வற்றிவிட்டது. தடி கைநழுவி விழுந்தது. சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகம் வெளிறி, பழைய குரலில் முனகினார்.

"நாயகி, கால் நோகுதடி. என்னாலை ஏலாது. கேற்றைத் திற."

அந்தக் குரலுக்கு அவள் எத்தனை ஆயிரம் தடவை எழுந்து போயிருப்பாள். வீட்டுக் கதவு திறந்தது. அவள் முற்றத்தால் நடந்து வந்து கேற்றின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். உதட்டில் தையல் இன்னும் இருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"பூச்சியத்திலையிருந்து பத்துக்குள்ளை எவ்வளவு?"

"பத்து," என்றார். அவர் அழுதார். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

"பத்தெண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். அங்கை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து கேப்பினம்," என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை.

குகதாசன் இறங்கி வந்து தமையனை ஏற்றினான். புது மூட்டு மடியக்கூடாது என்பதால் காலை நீட்டிப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, நான்தான் என் நல்ல கையால் பிடித்தேன். வான் பின்பக்கமாக ஒழுங்கையால் போய் றோட்டில் ஏறியது. ஊன்றுதடி வாய்க்காலுக்குள் கிடந்தது.

நான் வீட்டுக்குப் போகத் திரும்பினேன். செல்வநாயகி கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். என் தோளைப் பார்த்தாள்.

"தில்லையண்ணை, உங்களுக்கு எவ்வளவு?"

முப்பத்துமூன்று வருடத்தில் நான் அவளிடம் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.